‘அளவில்லாத’ இடமாம்! யாருக்கு?

“இடத்துக்கு அளவில்லை, போக்குவரத்துக்கு அளவில்லை, மாதம் வெறும் 99 ரூபாய்!” — இப்படித் தமுக்கடிக்கிறார்கள், வலைத்தளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் கம்பெனிக்காரர்கள். அந்தத் தமுக்குச் சத்தத்தில் மயங்கி, மூன்று வருஷ வாடகையை முன்பணமாகக் கொண்டுபோய்க் கொட்டியவர்களில் நாமும் உண்டு. ஆகவே ஊரார் கதையைச் சொல்லுமுன் நம் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

மூன்று வருஷங்களுக்கு முன் நம் பஞ்சாலைச் சங்கம் ஒரு வலைத்தளம் ஆரம்பித்தது. கூலி ஒப்பந்தங்களின் நகல், போனஸ் கணக்கு, பி.எப்., இ.எஸ்.ஐ. படிவங்கள், கேட் கூட்டச் செய்திகள் — இவ்வளவுதான் அதில். ஆரம்பத்தில் நாளைக்கு ஐம்பது பேர் பார்த்தாலே பெரிது. பிறகு விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் கை சேர்த்தார்கள். குறைந்தபட்சக் கூலி அறிவிப்புகளை அதில் போட்டார்கள். களை பறிக்கப் போன பெண்கள் வரப்பில் நின்று செல்போனில் கூலி விகிதத்தைப் பார்த்து, மேஸ்திரியை மடக்கிக் கேள்வி கேட்டார்கள். தளம் வளர்ந்தது. வளர்ந்ததுதான் குற்றமாகிவிட்டது!

தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தை நள்ளிரவில் முடிந்தது. மறுநாள் காலை, இரவு ஷிப்ட் விட்டு வெளியே வந்த தொழிலாளர்கள் கேட்டருகே நின்று செல்போனைத் திறந்தார்கள். ஒப்பந்தத்தின் ஷரத்துக்கள் அங்கே இல்லை. வெள்ளைத் திரை, அதில் 508 என்று ஒரு எண். வாடகைக் கம்பெனி வைத்திருக்கும் வரம்பை நம் தளம் தாண்டிவிட்டது என்பதற்கு அடையாளமாம் அது. பதினோரு மணிக்கு ஒரு கடிதமும் வந்து சேர்ந்தது: ‘உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, மேல்தரத் திட்டத்துக்கு மாறிப் பணம் கட்டினால் திறந்துவிடுகிறோம்.’ இந்த இடைவேளை போதாதா நிர்வாகத்தின் கைக்கூலிகளுக்கு? ‘சங்கத் தலைவர்கள் 8.33 சதவீதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒளிந்துகொண்டார்கள், தளத்தையும் மூடிவிட்டார்கள்’ என்று நாலு கேட்டிலும் புரளியைக் கிளப்பிவிட்டார்கள். அந்தப் புரளியைக் கொல்ல அன்று மாலைக்குள் துண்டுப் பிரசுரம் அடித்து, ஷிப்டுக்கு ஒரு கேட் கூட்டம் போட வேண்டியதாயிற்று.

சங்க ஆபீசில் கம்பெனியின் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது, ஸ்பின்னிங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்த மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: “ஏனுங் தம்பி, அளவில்லைன்னுதானே எழுதியிருக்குது? அப்புறம் எப்படிங் அளவு மீறுச்சு?”

இந்தக் கேள்விக்கு எந்தக் கம்பெனியும் நேராகப் பதில் சொல்வதில்லை. ஆகவே நாம் சொல்கிறோம்.

வலைத்தளம் என்பது ஆகாயத்தில் தொங்குகிற வஸ்து அல்ல. எங்கோ ஒரு கட்டடத்தில், இரவும் பகலும் மின்சாரம் தின்றுகொண்டு ஓடுகிற ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புகள்தான் அது. அந்த கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். 99 ரூபாய்த் திட்டத்தில் நமக்கு சர்வர் கிடைப்பதில்லை; சர்வரில் ஒரு மூலை கிடைக்கிறது. மில் லைன் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வரிசையாக வீடுகள்; எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். ‘தண்ணீருக்கு அளவே இல்லை, எத்தனை குடம் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்’ என்று சொல்வதில் வீட்டுக்காரனுக்கு என்ன நஷ்டம்? குழாயில் சொட்டுவதுதானே கிடைக்கப்போகிறது! ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் லைன் முழுக்க வறட்சி. ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களை அடைத்துவிட்டு, ‘பெரும்பாலானவை தூங்கிக்கொண்டுதான் இருக்கும்’ என்ற கணக்கிலே லாபம் பார்க்கிறார்கள். தூங்குகிறவன் நல்ல வாடகைதாரன். விழித்து எழுந்தவன் தொந்தரவு பிடித்தவன்!

இடத்துக்கு அளவில்லை என்று பெரிய எழுத்தில் போட்டவர்கள், நிபந்தனைகளின் பொடி எழுத்தில் என்ன போடுகிறார்கள்? கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு. சர்வரின் மூளையை எத்தனை நொடி பயன்படுத்தலாம் என்பதற்கு வரம்பு. ஒரே நேரத்தில் எத்தனை பேர் கதவைத் தட்டலாம் என்பதற்கு வரம்பு. நியாயமான உபயோகம் என்று ஒரு வார்த்தை. எது நியாயம் என்று தீர்மானிப்பவர் வாடகைக்காரரே! பட்டா மட்டும் குடியானவன் பேரில், வாய்க்கால் மடையின் சாவி பண்ணையார் இடுப்பில் — இது நமக்குப் புதிதா?

99 ரூபாயின் யோக்கியதையையும் பார்த்துவிடுவோம். அது முதல் தவணைக்கு மட்டும். தவணை முடிந்ததும் நமக்கு வந்த பில் மாதம் 399 ரூபாய். நகல் எடுத்து வைப்பதற்குத் தனிப் பணம். விதை நெல்லை மலிவாய்க் கொடுத்து அறுப்பில் களத்து மேட்டையே வாரிக்கொண்டு போகிறவனை நாம் பார்த்ததில்லையா? மாறிப் போகலாம் என்றால், தளத்தைப் பெயர்த்து எடுத்துப் போகும் சிரமத்துக்குப் பயந்து பெரும்பாலோர் அங்கேயே கிடப்பார்கள் என்பதும் அவர்கள் போட்ட கணக்குதான்.

‘எது நல்ல கம்பெனி என்று விசாரித்துச் சேர்ந்திருக்கலாமே’ என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். விசாரித்தோம் ஐயா! ‘சிறந்த பத்துக் கம்பெனிகள்’ என்று பட்டியல் போடும் மகானுபாவர்கள் ஏராளம். நாம் பிறகுதான் தெரிந்துகொண்டோம்: அவர்கள் காட்டிய வழியில் போய் நாம் பணம் கட்டினால் அவர்களுக்குக் கமிஷன். ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் 65 டாலர் என்று பகிரங்கமாக விளம்பரம் செய்த கம்பெனிகளும் உண்டு. மாட்டுச் சந்தையில் தரகன் துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவான். விற்கிறவனிடமும் வாங்குகிறவனிடமும் கை நீட்டுவான். ஆனாலும் அவன் தன்னைத் தரகன் என்று ஒத்துக்கொள்வான். இவர்களோ தங்களை விமர்சகர்கள் என்கிறார்கள்!

பட்டியலில் பத்துப் பெயர் இருக்கிறதே, பத்து முதலாளிகள் போட்டி போடுகிறார்களே என்று நினைத்தால் அதுவும் ஏமாற்று. அமெரிக்காவில் எண்டியூரன்ஸ் இன்டர்நேஷனல் என்று ஒரு ஸ்தாபனம். 2010ல் புளூஹோஸ்டை விழுங்கியது. 2012ல் ஹோஸ்ட்கேட்டரை விழுங்கியது. இன்னும் எத்தனையோ சிறு கம்பெனிகளை விழுங்கியது. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றவில்லை. 2013 ஆகஸ்ட் 2ந் தேதி உடா மாநிலத்தில் புரோவோ என்ற ஊரிலிருந்த ஒரே டேட்டா சென்டரில் கோளாறு ஏற்பட்டது. புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், ஹோஸ்ட்மான்ஸ்டர், ஜஸ்ட்ஹோஸ்ட் நான்கும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டன. நான்கு கடையும் ஒரே கூரையின் கீழ் இருந்தது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது! ஒன்றின் மேல் கோபித்துக்கொண்டு இன்னொன்றுக்குப் போனவன், பண்ணையின் கிழக்கு வாசலில் வெளியேறி மேற்கு வாசலில் நுழைந்தவன்தான். 2018ல் இதே ஸ்தாபனம், சந்தாதாரர் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியதாக அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டுக் கமிஷன் சாட்டிய குற்றத்துக்காக, 80 லட்சம் டாலர் கட்டித் தீர்த்தது. 2021ல் கிளியர்லேக் என்ற முதலீட்டுக் கும்பல் இதை ஏறக்குறைய 300 கோடி டாலருக்கு வாங்கி, வெப்.காம் கம்பெனியோடு சேர்த்து நியூஃபோல்டு டிஜிட்டல் என்று புதுப்பெயர் சூட்டியது.

இந்தக் கும்பல்களுக்கு வலைத்தளத்தைப் பற்றி என்ன அக்கறை? வாங்கின விலைக்கு வட்டி வர வேண்டும். சில வருஷங்களில் கூடுதல் விலைக்குக் கை மாற்ற வேண்டும். அதற்கு வழி ஒன்று, வாடகையை ஏற்றுவது. இன்னொன்று, பழுது பார்க்கும் ஆட்களைக் குறைப்பது. மில்லை வாங்கி மெஷினைக் கழற்றி நிலத்தை விற்ற ‘நிர்வாக நிபுணர்களை’ நம் வட்டாரம் அறியும்.

நம் தோழர்களில் சிலர் வேறொரு யோசனை சொல்கிறார்கள். ‘சில்லறைக் கம்பெனிகள்தானே இப்படி? அமேசான் போன்ற பெரிய இடத்துக்குப் போய்விட்டால் விழவே விழாது.’ இந்த அபிப்பிராயத்தை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. 2025 அக்டோபர் 20ந் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியா வட்டாரத்தில் அமேசான் சர்வர்களில் ஏற்பட்ட ஒரு கோளாறு உலகம் முழுவதும் எண்ணற்ற தளங்களையும் செயலிகளையும் மணிக்கணக்கில் முடக்கிப் போட்டது. பெரியதும் விழும், விழுந்தால் பெரிதாக விழும்.

அங்கே வாடகை முறையே வேறு. மீட்டர் போட்டு வாங்குவார்கள். தளத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு ஜி.பி.க்கும் தனிக் காசு. 2024ல் மும்பை வட்டாரத்துக்கு அமேசான் அறிவித்திருந்த கட்டணம் ஜி.பி.க்கு ஏறக்குறைய 11 அமெரிக்க சென்ட்; மாதம் முதல் 100 ஜி.பி. இலவசம். நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பக்கம் ஒன்றுக்கு 2 எம்.பி.; போராட்ட மாதத்தில் ஐந்து லட்சம் தடவை பார்க்கிறார்கள். 1,000 ஜி.பி. ஆகிறது. இலவசம் போக 900 ஜி.பி.க்கு ஏறக்குறைய 98 டாலர் — அனுப்பியதற்கு மட்டும்! அதே வருஷம் டிஜிட்டல் ஓஷன் கம்பெனி, மாதம் 6 டாலர் வாடகைக்கு ஒரு சிறிய சர்வர் பகுதியும், அதற்குள்ளேயே 1,000 ஜி.பி. போக்குவரத்தும் சேர்த்துக் கொடுத்தது. அதுவும் தர்மசத்திரம் அல்ல, நியூயார்க் பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிதான். ஆனாலும் ஒரே சரக்குக்கு இருவர் சொல்லும் விலையில் எவ்வளவு வித்தியாசம் பார்த்தீர்களா? மேல்வாரம் எவ்வளவு, சாகுபடிச் செலவு எவ்வளவு என்பது இதிலே தெரிந்துபோகிறது. அமேசானின் 2024ம் வருஷ நிர்வாக லாபம் 6,860 கோடி டாலர். அதிலே இந்த சர்வர் வாடகைத் தொழிலில் வந்தது மட்டும் 3,980 கோடி டாலர். கிடங்குகளில் மூட்டை சுமக்கும் தொழிலாளி சங்கம் வைக்கக் கூடாது என்று அலபாமாவிலும் நியூயார்க்கிலும் பணத்தை வாரி இறைத்த அதே கம்பெனி! 2022ல் ஸ்டேட்டன் தீவுக் கிடங்குத் தொழிலாளர்கள் அதையும் மீறி வாக்கெடுப்பில் ஜெயித்தார்களே, அந்தத் தோழர்களுக்கு நம் வணக்கம். அவர்கள் எதிர்த்துப் போராடும் எஜமானனிடம் நம் சங்கப் பணத்தை வாடகையாகக் கொண்டுபோய்க் கொடுப்பதா?

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க சர்க்காரின் ரகசியத் தந்திகளை வெளியிட்ட விக்கிலீக்ஸ், 2010 டிசம்பரில் அமேசான் சர்வரில் இருந்தது. செனட்டர் லீபர்மனின் அலுவலகம் விசாரித்தது; உடனே அமேசான் விக்கிலீக்ஸை வெளியே தள்ளியது. சர்க்கார் சொல்லிச் செய்யவில்லை, எங்கள் விதிகளை மீறினார்கள் என்று அமேசான் காரணம் சொன்னது. இருக்கட்டும், விதியை எழுதியவர் யார், மீறினாரா என்று தீர்ப்புச் சொன்னவர் யார்? இரண்டும் ஒரே ஆள்! கோர்ட்டும் இல்லை, நோட்டீசும் இல்லை. வீட்டை விட்டு வெளியேற்றவாவது அமீனா வர வேண்டும்.

முதலாளிகள் தங்களுக்குள் சண்டை போட்டாலும் மிதிபடுவது வாடகைதாரன்தான். உலகத்தின் வலைத்தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வேர்ட்பிரஸ் என்ற பொது மென்பொருளில் ஓடுகின்றன. நம்முடையதும் அப்படித்தான். 2024ல் அதன் ஸ்தாபகருடைய ஆட்டோமாட்டிக் கம்பெனிக்கும், சில்வர்லேக் முதலீட்டுக் கும்பலின் கையிலிருந்த டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் கம்பெனிக்கும் தகராறு மூண்டது. வருமானத்தில் 8 சதவீதம் கொடு என்று ஒருவர், கொடுக்கமாட்டேன் என்று மற்றவர். செப்டம்பர் 25ந் தேதி கதவு அடைக்கப்பட்டது. டபிள்யூபி எஞ்சினில் குடியிருந்த தளங்களுக்குப் புதுப்பிப்புகள் வழக்கமான வழியில் வராமல் நின்றன. டிசம்பரில் கோர்ட் தடை உத்தரவு போட்ட பிறகு கதவு திறந்தது. ஊர் உலகத்தார் சம்பளமின்றியும் எழுதிச் சேர்த்த பொதுச் சொத்தின் மேல் இருவர் வாரம் கேட்டு மல்லுக்கட்டுகிறார்கள்!

சரி, சர்வரைச் சங்க ஆபீசிலேயே வைத்துக்கொண்டால் என்ன? இளைஞர்கள் சிலர் ஆவேசமாகக் கேட்கிறார்கள். ஆவேசம் நல்லதுதான். ஆனால் மின்சாரம் போனால்? மழையில் கேபிள் அறுந்தால்? தளத்தை வீழ்த்த வேண்டும் என்று எவனாவது பொய்யான தட்டல்களை லட்சக்கணக்கில் அனுப்பினால்? நம் ஆபீஸ் ஓட்டுக்கூரை அதைத் தாங்காது. மண்குடிசையைக் கோட்டை என்று சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

கோட்டைக்கும் தீப்பிடிக்கிறது என்பது வேறு விஷயம். 2021 மார்ச் 10ந் தேதி பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஓவிஎச் கம்பெனியின் டேட்டா சென்டர் ஒன்று அடியோடு எரிந்து சாம்பலாயிற்று. லட்சக்கணக்கான வலைத்தளங்கள் நின்றன. நகலுக்குத் தனிப் பணம் கட்டியிருந்த ஒரு பிரெஞ்சு நிறுவனம் ‘நகல் எங்கே?’ என்று கேட்டது. அசலோடு அதே வளாகத்தில் வைத்திருந்தார்களாம், அதுவும் எரிந்துபோயிற்றாம்! வைக்கோல் போர் பக்கத்திலேயே விதை நெல்லை வைப்பானா எந்தக் குடியானவனும்? 2023ல் லில் நகர வணிக நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. வழக்காட வக்கீலும் வசதியும் இருந்தவனுக்கு நஷ்ட ஈடு. மற்றவர்களுக்கு?

ஆகவே நகல் நம் கையில் இருக்க வேண்டும். கோப்புகளும் தரவுத் தொகுப்பும் வாரம் ஒரு தடவை இறக்கப்பட்டு, சங்க ஆபீசில் ஒன்றும் வேறு ஊர்த் தோழர் வசம் ஒன்றும் இருக்க வேண்டும். அந்த நகலிலிருந்து தளத்தை மறுபடி எழுப்ப முடிகிறதா என்று வருஷம் ஒரு தடவையாவது எழுப்பிப் பார்க்க வேண்டும். எழுப்பிப் பார்க்காத நகல் உழுது பார்க்காத மாடு மாதிரி. டொமைன் பெயர் — அதுதான் நம் விலாசம் — ஹோஸ்டிங் கம்பெனியிடம் இருக்கக் கூடாது. வேறு பதிவுக் கம்பெனியில், சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். விலாசம் நம்மிடமும் நகல் நம்மிடமும் இருந்தால், துரத்தப்பட்ட மறுநாளே வேறு இடத்தில் அடுப்பு மூட்டலாம். ‘தெரிந்த பையன்’ பெயரில் டொமைனைப் போட்டுவிட்டு, அவன் வெளியூர் வேலைக்குப் போனதும் தவிக்கிற சங்கங்களையும் நாம் பார்த்தாயிற்று.

நம் குற்றத்தையும் சொல்ல வேண்டும். கம்பெனி நம்மை ஏமாற்றியது உண்மை. நாமும் ஊதாரித்தனம் செய்தோம். நம் தளத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் மாநாட்டு மேடைப் படம். தலைவர்கள் மாலையோடு நிற்கிறார்கள்! ஒப்பந்தத்தைப் படிக்க வருகிற தொழிலாளியின் செல்போனில் முதலில் மாலைதான் இறங்குகிறது. அவனுடைய டேட்டாவும் தீர்கிறது. படங்களைச் சுருக்கியதும் 2 எம்.பி. பக்கம் 200 கே.பி. ஆயிற்று. ஐந்து லட்சம் தடவை பார்த்தாலும் 100 ஜி.பி.தான். இன்னொன்று: ஒவ்வொருவர் வரும்போதும் சர்வர் புதிதாகப் பக்கத்தைச் சமைத்துப் போட்டது. ஓட்டலில் ஆளுக்கு ஒரு தோசை வார்ப்பது மாதிரி. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் கல் என்ன ஆகும்? ஒப்பந்த ஷரத்து ஆளுக்கு ஆள் மாறுகிறதா? முன்கூட்டியே ஒரே பக்கமாகத் தயாரித்து வைத்து எடுத்துக் கொடுத்தால், அதே சின்ன சர்வர் பல மடங்குக் கூட்டத்தைத் தாங்கும். துண்டுப் பிரசுரம் அடித்துப் பழகிய நமக்கு இது தோன்றாமல் போனதே வெட்கம்! வாடகையை ஏற்றிக் கட்டுமுன் இந்த இரண்டையும் செய்திருந்தால், போனஸ் நாளில் 508ஐப் பார்த்திருக்க மாட்டோம் என்றே நினைக்கிறோம்.

தொழிலாளிகளே சேர்ந்து நடத்தும் ஹோஸ்டிங் உண்டா? உண்டு. நியூயார்க்கில் 2005ல் தொடங்கிய மே ஃபர்ஸ்ட் — மே தினத்தின் பெயரேதான்! — அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் உள்ள இயக்கங்கள் உறுப்பினராகி, சந்தா கட்டி, நிர்வாகக் கமிட்டியைத் தேர்ந்தெடுத்து நடத்தும் ஸ்தாபனம். சர்வர் உறுப்பினர்களுக்குப் பொது. அங்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. 2012 ஏப்ரலில், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்த வெடிகுண்டு மிரட்டல்களை விசாரிக்கிறோம் என்று எஃப்.பி.ஐ. வந்து, மே ஃபர்ஸ்டும் ரைஸ்அப் என்ற தோழமை ஸ்தாபனமும் பயன்படுத்திய ஒரு சர்வரையே தூக்கிக்கொண்டு போயிற்று. சம்பந்தமே இல்லாத இயக்கங்களின் கடிதங்களும் தளங்களும் நின்றன. ஆனால் அந்த ஸ்தாபனங்கள் செய்தியை மறைக்கவில்லை, பகிரங்கமாகக் கண்டித்தன. 508 என்று எண்ணைக் காட்டி ஒளிந்துகொள்ளவில்லை.

நம் மாநிலத்துச் சங்கங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே 99 ரூபாய்க் கம்பெனியிடம் ஏமாறுவதற்குப் பதில், பத்துச் சங்கங்கள் சேர்ந்து ஒரு நல்ல சர்வரை வாடகைக்கு எடுத்தால் என்ன? சங்கத்துக்கு மாதம் நூறு ரூபாயில் முடியும் காரியம். ஆனால் ஒன்று: தனி சர்வர் எடுத்தால் பூட்டுப் போடுவதும் ஓட்டை அடைப்பதும் நம் வேலை. அதற்கு ஓய்வு நேரத் தொண்டர் ஒருவரை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு பேருக்காவது வேலை தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்குச் சங்கம் கூலி கொடுக்க வேண்டும். கூலி கேட்டுப் போராடுகிற நாம் கம்ப்யூட்டர் தொழிலாளியிடம் இலவச உழைப்பு வாங்கலாமா?

இதற்குள் கம்பெனியிடமிருந்து இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. மறுபடி மூன்று வருஷத்துக்குக் கட்டினால் நூற்றுக்கு அறுபது தள்ளுபடியாம். பழைய வாடகை அடுத்த மாதம் 14ந் தேதி முடிகிறது. நகல் இரண்டு இடத்தில் எடுத்தாயிற்று. டொமைன் பெயரை மாற்ற மனுப் போட்டாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க ஆபீசில் பொதுச் சபை கூடுகிறது. விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் வருகிறார்கள். எத்தனை சங்கங்கள் சேரும், மாதச் சந்தா எவ்வளவு, சாவி யார் யாரிடம் என்பவை அன்று முடிவாக வேண்டும். இரவு ஷிப்ட் தோழர்கள் நேரே வந்துவிடவும். காலை டிபனுக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம்.